அரை மில்லி நானா

பல்லுக் கட்டுகிற மனிதருக்கு சைக்கிளில் என்ன வேலை என்று கல்லடி முழுக்கக் கேட்டுத் திரிந்தவன் நான்தான். காரணம் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

அவர் ஏறாவூர்க்காரர். மட்டக்களப்பு டவுனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒற்றை யன்னல் வைத்த அறையில் இருந்து பொய்ப்பல் செய்து கொடுப்பார். அது அவருடைய பிழைப்பு. வெறும் பிரேம் ஒன்று கிடைத்தால் அதற்கு ஏற்ற சாமான்களைத் தேடித் தேடிப் பூட்டி முழுச் சைக்கிளாக்குவது அவருடைய ஆசை. எனக்கு அதுவே பிழைப்பு. ஜப்பானில் இருந்து கொண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டி விற்கிற கடை என்னுடையது. வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் நானா என்போம். அவரையும் எல்லோரும் நானா என்றார்கள். நானும் முகத்துக்கு முன்னால் நானா என்றேன், முதுகுக்குப் பின்னால் ‘அரை மில்லி’ என்றேன். அந்தப் பட்டம் நான் வைத்தது. ஊரில் நன்றாகவே பரவியது. ஆனால் பரவப் பரவ அதில் இருந்த நக்கல் கழன்றுபோய், ‘அரை மில்லி நானாட்டக் காட்டுங்க, அவர் பிழை விடமாட்டார்’ என்று ஆட்கள் மரியாதையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் வைத்த பட்டத்தை அவருக்கே விளம்பரமாக்கிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

பட்டம் வந்த கதை இதுதான். ஒருநாள் கடைக்கு வந்து சீட்டுக் குழாய் ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் இருந்து வேர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

“தம்பி, இது அரை மில்லி கூட. வேற இரிக்கா?”

“அரை மில்லி எல்லாம் ஒரு கணக்கா நானா? சுத்தியலால ரெண்டு போட்டா இறங்கிரும்.”

“இறங்கும்,” என்றார் அமைதியாக. “மறுகா ஏறாது.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவருடைய விரல் நுனிகள் எப்போதும் இலேசாக நீலம் பாரித்திருக்கும். பல் கட்டும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்த இடம் கூடுதலாக முட்டுகிறதோ அந்த இடத்தில் நீலம் ஒட்டும். அதை மட்டும் துளி ராவினால் போதும். அதே காகிதத்தை இவர் சைக்கிளுக்கும் கொண்டு வந்துவிட்டார். டயருக்கும் குழாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சில்லை மெதுவாகச் சுற்றுவார். கிராங்குக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்துப் பெடலைச் சுற்றுவார். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் வைப்பார். பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எதைக் கொண்டுபோனாலும் வாயில் வருகிற முதல் வசனம் ஒன்றுதான். “முதல்ல எங்க முட்டுது எண்டு பாப்பம்.”

சைக்கிளுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு பேர் வழக்கென்று அவர் முன்னால் சண்டை பிடித்தாலும், ஆர் சரி ஆர் பிழை என்று கேட்கமாட்டார். எங்க முட்டுது என்று கேட்பார்.

அவர் ஓடிய சைக்கிள் ஏழெட்டுச் சைக்கிளின் சாமான்களைச் சேர்த்துப் பூட்டியது. பார்க்க அழகில்லை. ஒன்றுக்கொன்று நிறம் சேராது. ஆனால் அது ஓடுகிற சத்தமே கேட்காது. கல்லடிப் பாலத்தில் நான் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறார் என்று தெரியாது, திடீரென்று பக்கத்தில் “அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி” என்று குரல் வரும். சைக்கிள் கடைக்காரனான என்னுடைய சைக்கிளோ செயின்கவர் உரசி, மட்காட் ஆடி, ஊருக்கே அறிவித்துக்கொண்டு போகும். அவர் என்னைத் தாண்டிப் போனபிறகுதான் என் சைக்கிளின் சத்தம் எனக்கே கேட்கத் தொடங்கும்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை மெதுவில் ஆமை தோற்கும். அவருடைய சொந்த மாமாவுக்கு மேல்பல்லுச் செற் ஒன்று செய்துகொண்டிருந்தார். மாமாவின் பேத்திக்குக் கலியாணம் வந்தது. பல் எல்லாம் முடிந்துதான் இருந்தது, ஒரு மூலையில் நீலம் கொஞ்சம் கூடுதலாக ஒட்டுகிறதாம். “ரெண்டு கிழமை பொறுங்க மாமா” என்று சொல்லிவிட்டார். ஏறாவூரில் ஊரே புரியாணி சாப்பிட்ட அன்றைக்கு மாமா மட்டும் ஓரமாய் இருந்து கஞ்சி குடித்தார். இந்தக் கதையை நான் கேள்விப்பட்ட நாளில் இருந்து எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லும்போது கஞ்சிக்கு உப்புப் போடவில்லை என்று என் பங்குக்கும் ஒன்று சேர்த்துவிடுவேன்.

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய ஒரு கூட்டம் சைக்கிளில் புறப்படும். வங்கிக்காரர், வாத்திமார், ஒரு சேர்ச் பாதர் என்று ஏழெட்டுப் பேர். ஒருநாள் அமிர்தகழிப் பக்கம், ஒருநாள் தெற்கே குருக்கள்மடம் வரை, சிலநேரம் வாவிக்கு அங்கால் வயல்பக்கம். எல்லோருடையதும் என் கடையில் வாங்கிய சைக்கிள்கள்தான். ஆனால் என்ன வாங்கினாலும் அதை உருட்டிக்கொண்டு நானாவிடம் போய்க் காட்டிவிட்டுத்தான் ஓடுவார்கள். கூலி வாங்குகிறவன் என்றால் போட்டி போடலாம். அந்த மனிதர் ஒரு பிளேன்டீயோடு முடித்துவிடுவார். அவரோடு நான் என்னத்தைப் போட்டி போடுவது?

இதெல்லாம் கடைக்காரனின் எரிச்சல். என் மனைவி அந்தக் கூட்டத்தில் சேர்ந்த பிறகுதான் அது வேறு மாதிரி ஆயிற்று.

அவள் கணக்கு ரீச்சர். குருக்கள்மடத்துப் பள்ளிக்கூடம். எங்களுக்குக் கலியாணமாகி அப்போது பதினொரு வருடம். அவளுக்கென்று ஒரு சைக்கிள் என் கையால் பூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. ஒரு கொண்டெய்னர் லொட்டில் வெளிர்நீலப் பிரேம் ஒன்று வந்தது. மெல்லிய குழாய், நல்ல இரும்பு, ஒரு கையால் தூக்கலாம். யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்தேன். அவளுக்குக் காட்டினபோது கண் விரியப் பார்த்தாள். குழாயைத் தடவினாள். பிறகு சொன்னாள்:

“இஞ்சேருங்க, பூட்ட முதல் நானாட்டயும் ஒருக்காக் காட்டுவமா?”

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் அவர் வந்தார். பிரேமைப் பார்க்கவில்லை. அவளை ஒரு சைக்கிளில் ஏற்றிச் சுவரில் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து கேட்டார்.

“சொல்லுங்க தங்கச்சி. ஓடக்குள்ள உங்களுக்கு எங்க முட்டுது?”

அவள் சொல்லத் தொடங்கினாள். வலது முழங்கால், மேடு ஏறினால் உள்ளுக்குள் குத்தும். இடது மணிக்கட்டு, சின்ன வயதில் முறிந்தது, குளிர்ந்த காற்றுக்கு விறைக்கும். கழுத்து, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதி எழுதி. முக்கால் மணித்தியாலம் கதைத்தாள். நடுவில் மணிக்கட்டு முறிந்த கதையைச் சொல்லி, ஆற்றங்கரை மரத்தில் இருந்து விழுந்ததை வீட்டுக்குச் சொல்லாமல் மூன்று நாள் ஒளித்ததைச் சொல்லிச் சிரித்தாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஸ்பானரோடு நின்றேன். பதினொரு வருடம் ஒரே பாயில் படுத்தவன் நான். அந்த மணிக்கட்டு முறிந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் மேல் எனக்கு வேறு சந்தேகம் எதுவும் வரவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல, அவளும் அல்ல. சந்தேகம் என்றால் ஒருநாள் தீரும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு என் மனைவியை எனக்குத் தெரியாத ஒருத்தியாக்கிவிட்டுப் போனார். அதை எதைக் கொண்டு தீர்ப்பது?

முழங்காலுக்காக மூன்று செயின்வீல் உள்ள கிராங் போடவேண்டும், கடைசிச் சின்ன வீலில் மேடு ஏறினால் குத்தாது என்றார். சரி, என்னிடம் ஒன்று இருந்தது. வயல் றோட்டுக்கு அகலமான டயர் போடுவோம் என்றேன். டயரைப் பூட்டி நீலக் காகிதத்தை வைத்துப் பார்த்தார். எங்கேயும் முட்டவில்லை.

“முட்டல்லத்தானே?” என்றேன்.

“இப்ப முட்டல்ல. இதுக்குள்ளால ரெண்டு காகிதந்தான் போகுது. வயல் வட்டைக்குள்ள ஓடினா சேறு வருமே தம்பி. சேத்துக்கும் இடம் விடோணும்.”

அடுத்தது கிராங். என்னிடம் இருந்த பெடல் அச்சு கட்டை. அதில் பூட்டினால் சின்ன செயின்வீல் பின்சில்லைப் பிடிக்கிற கீழ்க்குழாயில் உரசியது. கொஞ்சம் நீளமான அச்சு வேண்டும். கொழும்புக்குச் சொன்னால் மூன்று கிழமையில் வரும் என்றார்.

“மூண்டு கிழமை பொறுப்பம்.”

எனக்கு மாமாவின் கஞ்சி ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறு கூட்டம் குருக்கள்மடம் போகிறது. தன் பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சைக்கிளில் போய் இறங்கவேண்டும் என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பிரேமை மரக்குற்றியில் கிடத்தினேன். செயின்வீல் உரசுகிற இடத்தில் ஒரு இரும்புத் துண்டை வைத்து, சுத்தியலால் ஓங்கி மூன்று அடி. குழாய் உள்ளே போனது. வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போனது. கட்டை அச்சையே பூட்டினேன். வீல் தொடாமல் சுற்றியது. பள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்து, காய்ந்ததும் மேலே ஒரு ஸ்ரிக்கரை ஒட்டினேன். டயரை மாற்றவில்லை. பின்னேரம் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பொருத்தமான அச்சு பழைய சாமானுக்குள் கிடைத்தது என்று பொய் சொன்னேன்.

“நீங்களே பூட்டிட்டீங்களா?” என்றாள். சைக்கிளைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். “நானாவே மூண்டு கிழமை கேட்ட வேல.”

உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அதைப்போல இன்னொரு பின்னேரம் வரவில்லை. அந்தப் பொய்யின் ருசி அன்றைக்கு எனக்கு அப்படி இருந்தது.

நானா கேட்டபோதும் அதையே சொன்னேன். “அப்படியா, சந்தோசம்” என்றார். சைக்கிளைக் காட்டச் சொல்லவில்லை. நான் பூட்டியதைத் தானாக அளந்து பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். அந்த மரியாதையும் எனக்கு அவர் மேல் எரிச்சலைத்தான் கொடுத்தது. ஏழு மாதம் அவள் அதில் ஓடினாள். மாரி தொடங்கியது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு வாவிக்கு அங்கால் வட்டைக்குள் போனோம். நானும் போயிருந்தேன், அவரும் வந்திருந்தார். வரம்பை ஒட்டிய களிமண் றோட்டில் அரை மைல் போவதற்குள் அவளுடைய பின்சில்லு சேறு அடைத்துச் சுற்றாமல் நின்றுவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும்தான் நின்றோம்.

சேத்துக்கும் இடம் விடோணும் என்று சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஈர்க்கால் சேற்றைத் தோண்டி, வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளிக் கழுவினார். கழுவிக்கொண்டு போன விரல் கீழ்க்குழாயில் ஸ்ரிக்கருக்கு வந்ததும் நின்றது. மெதுவாக ஒரு தரம் தடவினார். இன்னொரு தரம் தடவினார். ஈரத்தில் ஊறியிருந்த ஸ்ரிக்கர் அவர் பெருவிரலோடு உரிந்து வந்தது. பள்ளத்தின் விளிம்பில் மயிர் பருமனில் ஒரு வெடிப்பு, குழாயின் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள், ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் குழாய் முறிந்து பின்சில்லோடு போயிருக்கும். மேலே இருப்பவள் எப்படி விழுவாள் என்பது விழுகிற இடத்தைப் பொறுத்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வயலைப் பார்த்தேன்.

“என்ன நானா?” என்று அவள் கிட்ட வந்து குனிந்தாள். “ஐயோ, வெடிச்சிரிக்கி. இதென்ன இந்தப் பள்ளம்?”

 சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன் என்று இப்போது எழுதலாம். அப்போது அப்படி நினைத்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

அவர்தான் சொன்னார். “பிழை என்ட, தங்கச்சி. செயின்வீல் முட்டுதெண்டு குழாயத் தட்டச் சொன்னது நான்தான். தம்பி வேணாமெண்டுதான் சொன்னவர். இத இனி ஒரு அடியும் ஓடாதீங்க. உருட்டிக்கொண்டு போவம்.”

 கணக்கு ரீச்சர் அல்லவா, பிழையான விடையைப் பார்க்கிற அதே பார்வையால் அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை நிமிர்த்தினார். றோட்டு முழுக்க அவரே உருட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“ஒரு ஆள்ர உயிரோட விளையாடுறதா? நீங்க வேணாமெண்டு சொல்லியும் கேக்கல்ல. ஏன் எனக்கு அப்பவே சொல்லல்ல?”

“நானாவ நீ பெரிசா நினைச்சிட்டிருந்தாய்,” என்றேன். இந்த வசனத்தை நான் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கவும் இல்லை.

அதோடு அவள் அவரிடம் போவதை விட்டாள். கூட்டத்தில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சைக்கிள் விசயத்தில் என் சொல்தான் வீட்டில் கடைசிச் சொல்.

அடுத்த கிழமை அவர் கடைக்கு வந்தார். கதவு வரை வந்து கத்தப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பம்புக்கு ஒரு வாசர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போகிற நேரம் மட்டும் சொன்னார்:

“தங்கச்சிக்கு வேற பிரேம் பூட்டுவீங்கதானே. அளவெடுக்க என்னக் கூப்பிடாதீங்க. நீங்களே கேளுங்க. அவ சொல்லுவா.”

கேட்டேன். சொன்னாள். புதுப் பிரேமை நானே பூட்டினேன், சரியான அச்சுக்கு ஒரு மாதம் பொறுத்திருந்து. அவள் இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறாள், சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் புகழ்வார்கள். பல்லைக் காட்டி நிற்பேன்.

பத்து வருடம் போய்விட்டது. இதற்கிடையில் எத்தனையோ தரம் அவளிடம் சொல்லிவிடப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாய் வரை வரும். அவளுடைய முகத்தைப் பார்த்ததும், அந்த வயல் றோட்டில் அவரைப் பார்த்த பார்வை என் பக்கம் திரும்புமே என்று பயம் வரும், சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். தன் மேல் அவள் வைத்திருந்த நல்ல எண்ணத்தை அந்த மனிதர் ஒரு நொடியில் எனக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு கிள்ளுக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

போன மாதம் நானா மவுத்தாகிவிட்டார் என்று சாவுச் செய்தி வந்தது. அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்து, வாங்க என்றாள். ஏறாவூரில் அவருடைய வீட்டில் பெண்கள் பக்கம் கனநேரம் இருந்தாள். வெளியே வந்து கேற்றடியில் சைக்கிளை எடுக்கும்போது கண் கலங்கியிருந்தது.

“என்ன?” என்றேன்.

“ஒண்டுமில்ல. அந்த மனிசனோட பத்து வருசம் முகங்குடுத்துக் கதைக்கல்ல நான். பிழை விடாத ஆள் ஆர் இரிக்கா? அவர் தன்ர பிழைய ஒளிக்காம அந்த இடத்திலயே சொன்னவர். எத்தின பேர் அப்பிடிச் சொல்லுவாங்க? நான் எப்பவோ மன்னிச்சிட்டன், அத அவருக்கிட்டச் சொல்லாம விட்டதுதான் கவல.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பத்து வருடமாகக் கேட்க முடியாமல் இருந்த மன்னிப்பை, எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அவருக்குக் கொடுத்தாள்.